அப்பாவின் அளவு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

காலையில் அப்பாவின் பக்கத்தில் வைத்த டம்ளர் தண்ணீர் மத்தியானமும் வைத்தபடியே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். கேட்டதற்கு, "தாகமா இருந்தா குடிக்க மாட்டேனா? உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். பாத்ரூம் போக நான் தூக்கிவிட வேண்டும்.

நலம் விசாரிக்காமலே ஆரம்பித்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? முதுகு வலி தேவலையா? இங்கே நானும் அப்பாவும் சுகம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் அப்பாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. நீ "அவகிட்ட குடுங்க" என்றதும் கொடுத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் "ம்" என்பேன். நீயும் "வாயாடி, போதும்டி, காது வலிக்குது" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாய்.

கூடத்து சோபா உனக்குத் தெரியும். உட்கார்ந்தால் உள்ளே இழுக்கும். அக்குளுக்கு அடியில் கைகொடுத்து நான் தூக்கும்போது அப்பா, "முதல் மாடி! கதவு திறக்குது, ஓரமா நில்லுங்க!" என்று சத்தம் போடுவார். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், அதனால் அந்த வேடிக்கை. நானும் சிரிப்பேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கு இவ்வளவு கூச்சமாக இருக்காது.

கிளினிக்கிலிருந்து வருகிற பிசியோ அக்கா ஒன்று சொன்னார். மோட்டார் வைத்த ரிக்லைனர் இருக்கிறதாம். பொத்தானை அழுத்தினால் நாற்காலியே முன்பக்கம் சாய்ந்து ஆளை நிற்க வைத்துவிடுமாம். "காலில் இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கு. அப்படி ஒண்ணு வந்துட்டா உங்கப்பா யாரையும் கூப்பிட வேண்டாம், அவரா எழுந்து நிப்பாரு" என்றார். இங்கே அந்த மாதிரி எதுவும் கிடைக்காது. நீ இருக்கிற ஊரில் விசாரிக்க முடியுமா?

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை

*

பிப்ரவரி 22

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சௌக்கியம். முதுகு அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். போனில் ஒரு எழுத்து, கடிதத்தில் ஒரு புத்தகம்!

அப்பா தண்ணீர் குடிக்காமல் இருப்பது தெரிந்த பிறகு எனக்கும் தண்ணீர் இறங்கவில்லை. லீவு நாளில் பெரிய ஃபர்னிச்சர் கடைக்குப் போனேன். விற்பனையாளர் கழுத்தில் டையும் முகத்தில் சிரிப்புமாக ஓடிவந்தான். "யாருக்கு சார்?" "அப்பாவுக்கு." "உட்காருங்க சார், உட்கார்ந்து பார்த்தாதான் தெரியும்."

உட்கார்ந்து பார்த்தேன். சிலவற்றை முதுகால் தள்ளிச் சாய்க்க வேண்டும், அது அப்பாவுக்கு ஆகாது. மோட்டார் வைத்ததிலும் இரண்டு வகை. ஒரே மோட்டார் என்றால் முதுகும் காலும் சேர்ந்தே நகரும். இரண்டு மோட்டார் என்றால் காலை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம். கால் வீங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லதாம். தோல் உறை பளபளவென்று இருக்கிறது, ஆனால் வழுக்கும். துணி உறைதான் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

அளவு முக்கியமாம். உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும். முதுகு சாய்மானத்தில் ஒட்டினாலும் முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பக்கவாட்டில் கைப்பிடி தாங்க வேண்டும். அப்பாவை அளந்து அனுப்பு. சீசன் முடிந்ததும் நானும் ஒரு நடை வந்து போகிறேன்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

அப்பாவிடம் நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். "குடும்பமே தூக்குற தொழிலா போச்சு. நான் லிஃப்ட்டு, அவன் ஃபோர்க்லிஃப்ட்டு, இப்ப எனக்கே ஒரு லிஃப்ட்டா!" என்று சிரித்தார். பிறகு ஒரு வாரமாக அதைப் பற்றியே பேச்சு. கடைக்காரனிடம் கேட்கச் சொன்ன கேள்விகளை எழுதுகிறேன். ஏறும்போது கரண்ட் போனால் ஆள் எங்கே நிற்பான்? பாதியில் தொங்குவானா, கீழே இறங்குவானா? பேட்டரி உண்டா? எவ்வளவு எடை தாங்கும்? "அவன் சிரிச்சு மழுப்புவான், விடாதேன்னு சொல்லு" என்றார்.

அளப்பதற்கு டேப் எடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார். லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த நைலான் கயிற்றை எடுக்கச் சொன்னார். லிஃப்ட் குழியின் ஆழத்தை அந்தக் காலத்தில் அவர் கயிறு விட்டுத்தான் பார்ப்பாராம். நான் தரையில் உட்கார்ந்து பிடித்தேன், அவர் "இங்க முடிச்சு போடு" என்று சொன்னார். முழங்காலிலிருந்து தரைக்கு ஒன்று, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று. மூன்றையும் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டி உறைக்குள் வைத்திருக்கிறேன். கயிறு என் கையில் கொஞ்சமாகத்தான் இருந்தது.

ஒரு போட்டோவும் அனுப்பட்டுமா என்று கேட்டேன். கையை நீட்டி மறைத்துக்கொண்டார். "அவன் அங்க நிம்மதியா வேலை பார்க்கட்டும். நீ எதையாவது எழுதி வைக்காதே. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

அப்பாவின் சட்டைகளை எல்லாம் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். என் தையல் இப்போது பரவாயில்லை.

கயிற்றை நன்றாகப் பார், அண்ணா.

உன் தங்கை

*

மார்ச் 16

அன்புள்ள தங்கைக்கு,

சுகம்தானே? கயிற்றை நன்றாகப் பார்த்தேன். பார்த்துச் சிரித்த சிரிப்பில் அறையில் இருப்பவன் என்னவோ ஏதோ என்று எழுந்துவிட்டான்.

அடியே, எதை அளந்தாய்? முக்காலியையா? என் காலில் வைத்துப் பார்த்தேன், கயிறு முழங்கால் வரை வரவே இல்லை. அகலக் கயிறு என் இடுப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் அளக்கவே மறந்துவிட்டதா? நானும் அப்பாவும் ஒரே அச்சு. ஒருத்தர் செருப்பை இன்னொருத்தர் மாட்டிக்கொண்டு போவோம், அவர் பேன்ட்டில்தான் நான் இன்டர்வியூவுக்கே போனேன். நேற்றுகூடப் போனில், "டேய், சாப்பிட்டியாடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் காது அடைத்துவிட்டது. அந்தக் குரலுக்கு இந்த உடம்பா?

சோபாவில் புதைந்து உட்கார்ந்திருக்கும்போது அளந்திருப்பாய், அதுதான் தப்பு. கயிறுகளைத் திருப்பி அனுப்புகிறேன். அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பெட்டியில் என் பழைய பேன்ட் இருக்கும். அதைத் தரையில் விரித்து அளந்து அனுப்பு, கணக்கு சரியாக வரும்.

கேள்விகளைக் கேட்டேன். கரண்ட் போனால் பேட்டரியில் மெதுவாக இறங்கிவிடுமாம். அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

கோபித்துக்கொள்ளாதே, வாயாடி. விளையாட்டுக்குச் சொன்னேன்.

அண்ணன்

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அப்பாவும் நலம் என்று எழுதச் சொன்னார்.

நீ சொன்னபடி பேன்ட்டை விரித்து அளந்தேன். புதுக் கயிறுகள் உள்ளே இருக்கின்றன.

உன் தங்கை

*

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

சொர்க்கத்தில் இருப்பவன் எழுதும் கடிதம் இது. பணம் கட்டிவிட்டேன்! இரண்டு மோட்டார், துணி உறை, சாம்பல் நிறம், அழுக்கு தெரியாது. ரிமோட்டில் பெரிய பெரிய பொத்தான்கள். இந்தத் தடவை கயிறுகள் கச்சிதம். அதே உயரத்தில் உள்ளதைக் கொண்டுவரச் சொல்லி, அப்பாவுக்குப் பதிலாக நானே ஏறி உட்கார்ந்தேன். பாதம் தரையில் அப்படியே பதிந்தது. முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன், சரியாக நுழைந்தது. விற்பனையாளன், "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்றான். "எனக்கில்லை, எங்கப்பாவுக்குன்னே செஞ்சது" என்றேன். சாய்த்துவிட்டதும் தூங்கிப்போனேன், அவன்தான் எழுப்பினான்.

லாரி ஆட்கள் வீட்டுக்குள் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்பா முதல் முறை தானாக எழுந்து நிற்பதை எனக்கு வரி வரியாக எழுது. சீசன் இன்னும் முடியவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கும் இனிமேல் கை வலி இருக்காது.

அண்ணன்

*

மே 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நாற்காலி வந்து சேர்ந்தது. மிகவும் அழகாக இருக்கிறது. எதிர் வீட்டிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா நன்றி சொல்லச் சொன்னார்.

உன் தங்கை

*

மே 14

அன்புள்ள தங்கைக்கு,

என்னடி இது, தந்தி மாதிரி ஒரு கடிதம்! அழகாக இருக்கிறது என்று சொல்ல எதிர் வீட்டார் போதும். அப்பா எழுந்து நின்றாரா இல்லையா? போனில் கேட்டால், "சிம்மாசனம்டா, சிம்மாசனம்!" என்கிறார். அதற்கு மேல் பேச்சை மாற்றிவிடுகிறார். தண்ணீர் குடிக்கிறாரா? முதலில் எதற்காகக் கேட்டாயோ அதை நீ எழுதவே இல்லை.

இங்கே எல்லோரிடமும் அப்பா தானாக எழுந்து நிற்கிறார் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன். சீக்கிரம் எழுது.

அண்ணன்

*

மே 25

அண்ணா,

இதில் நலம் என்று எழுதப் போவதில்லை.

முதல் கயிறுகள் சரியானவைதான். அப்பா அவ்வளவுதான் இருக்கிறார். உடம்பு வற்றி, முதுகு கூனி, முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டது. குரல் மட்டும்தான் நீ விட்டுவிட்டுப் போனபடி இருக்கிறது. நீ போன் செய்கிற நாளில் காலையிலிருந்து பேசாமல் இருந்து அதைச் சேர்த்து வைக்கிறார். போனை வைத்த பிறகு வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். கயிறாவது சொல்லும் என்று நினைத்தேன்.

நாற்காலி வந்த அன்று அவரே ஷேவ் செய்யச் சொன்னார். தைத்த சட்டைகளில் நல்லதைப் போட்டுவிட்டேன். உட்கார வைத்தோம். பாதம் தரையில் படவில்லை அண்ணா, தொங்கியது. இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. மாட்ட வந்தவர், "பெரியவருக்கு இன்னொரு ஆளையும் பக்கத்தில உட்கார வைக்கலாம் போல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பாதான் அவரைச் சிரிக்க வைத்தார். "ஆறு பேர் ஏற வேண்டிய லிஃப்ட்டுல ஒரு ஆளை ஏத்திட்டீங்களே!"

அவர்கள் போனதும், "நீ கிட்ட வராதே, நானே எழுந்திருக்கேன்" என்றார். பொத்தானை அழுத்தினார். நாற்காலி ஒழுங்காகத்தான் எழுந்தது. அவர் கால் தரையைத் தேடிக்கொண்டே வழுக்கி வந்து முழங்காலில் விழுந்தார். நான் கிட்டே போகவில்லை, அவர் வராதே என்று சொல்லியிருந்தார். போயிருக்க வேண்டும். மறுநாள் பிசியோ அக்கா வந்து பார்த்துவிட்டு, இந்த அளவில் இனி உட்கார வைக்கவே கூடாது என்றார். முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. இப்போது பழையபடி சோபாதான். தூக்கும்போது மாடி எண் எதுவும் சொல்வதில்லை.

நீ சொன்னதும் நான் ஏன் பேன்ட்டை அளந்தேன் என்று கேட்பாய். பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ எழுதியது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. பேன்ட்டைத் தரையில் விரித்தபோது அப்பா படுத்திருக்கிற மாதிரி இருந்தது, முன்பு இருந்த அப்பா. கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ சொல்வதுதான் சரியாக இருக்கும், நான்தான் தப்பாகப் பிடித்திருப்பேன் என்று நினைத்துக்கொள்வது எனக்கு நன்றாக இருந்தது.

பழைய கயிறுகளை மறுபடி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு நான் எழுதியது தெரியாது. போனில் காட்டிக்கொள்ளாதே.

தங்கை

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் எப்போதோ வந்துவிட்டது. பதில் எழுத உட்காருவேன், நீயும் அப்பாவும் சுகமா என்று எழுதுவேன், கிழித்துவிடுவேன். எத்தனை தடவை என்று தெரியாது.

போனில் அவர் "எப்படிடா இருக்கே!" என்று கத்துகிறார். நானும் "ஜோரா இருக்கேன்ப்பா!" என்று கத்துகிறேன். இரண்டு பேருக்கும் இது நன்றாகப் பழகிவிட்டது.

போன வாரம் கடைக்குப் போனேன். கயிறுகளை என் காலில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த விற்பனையாளன் கையில் கொடுத்தேன். அவன் அளந்துவிட்டு சின்ன அளவுகள் இருக்கிற பக்கம் கூட்டிப்போனான். "யாருக்கு சார் இது, தங்கச்சிக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவன் கண்ணுக்கு முன்னால்தானே அப்பாவுக்கென்று ஒன்று வாங்கினேன்.

பெரியதை எடுத்துக்கொண்டு சின்னதைக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். செய்து வர நாள் ஆகுமாம். எனக்கு லீவு கேட்டிருக்கிறேன். கொடுத்தால் வருகிறேன். கொடுக்காவிட்டாலும் வருவேன் என்று எழுதத்தான் நினைக்கிறேன்.

நீ அந்த உயரம்தானா? நான் கிளம்பும்போது என் முழங்கைக்கு இருந்தாய். அதுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்பாவை ஜாக்கிரதையாகத் தூக்கு. உன் முதுகையும் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவைப் பற்றி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜூலையிலேயே அப்பாவின் கால்கள் செயல் இழந்துவிட்டன. பிடித்து நிறுத்தினாலும் மடங்குகின்றன. இப்போது கட்டிலில்தான். உன் பதிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் அது நடந்தது. பிறகு உன் கடிதத்தில் நாற்காலி வருகிறது என்று பார்த்ததும் வேண்டாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பிசியோ அக்காவிடம் கேட்டேன். "நாற்காலி எழுப்பும். நிக்கிறது கால்தானேம்மா" என்றார்.

இன்று மத்தியானம் புது நாற்காலி வந்தது. பெரியதை வெளியே தூக்கிவிட்டு, கட்டிலுக்கு எதிரே போட்டார்கள். அதே சாம்பல் நிறம். மாட்டி முடித்த ஆட்களில் பெரியவர் ரிமோட்டை நீட்டி, "யார் உட்காரப் போறது? உட்காரச் சொல்லுங்க, சரிபார்த்துட்டுக் கிளம்பறோம்" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா கட்டிலிலிருந்தே பதில் சொன்னார். போனில் உன்னிடம் பேசுகிற குரல் இல்லை, எனக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்டது. "ஆளை ஏத்திப் பார்க்காம எந்த லிஃப்ட்டையும் ஒப்படைக்கக் கூடாது. நீ ஏறும்மா. நீயும் நானும் இப்ப ஒரே அளவுதான்."

வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் உட்கார்ந்தேன். பாதம் தரையில் பதிந்தது. முழங்காலுக்குப் பின்னால் அந்தப் பெரியவர் விரல் வைக்கத் தயங்கினார், நானே வைத்துக் காட்டினேன். சரியாக இருந்தது.

"சாய்" என்றார் அப்பா. சாய்த்தேன். "காலை மட்டும் தூக்கு." தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். "கரண்டைப் பிடுங்குங்க" என்று அவர்களிடம் சொன்னார். பிளக்கைப் பிடுங்கினார்கள். பேட்டரியில் மெதுவாக இறங்கியது, பாதியில் நிற்கவில்லை. "பரவாயில்லையே, ஏமாத்தலை" என்றார். அவர்கள் சிரித்தார்கள். "இப்ப எழுப்பு."

மறுபடி சொருகி, பொத்தானை அழுத்தினேன். நாற்காலி பின்னாலிருந்து என்னைத் தள்ளாமல், ஏந்துகிற மாதிரி எழுந்தது. எனக்கு எந்தச் சிரமமும் இல்லை அண்ணா. நின்றுவிட்டேன். அப்பா கண்ணைத் திறந்து என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

"ஆடுதா?"

"ஆடலைப்பா."

"நல்ல வேலை. அவன் சரியாத்தான் பார்த்து வாங்கியிருக்கான். அவன்கிட்ட சொல்லு" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். நான் மறுபடி அதில் உட்கார்ந்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கூப்பிட்டார். இத்தனை மாதத்தில் அவராகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. நானாகப் போய்க் கேட்பேன், அவர் வேண்டாம் என்பார், நான் தூக்குவேன், அப்படித்தான் வழக்கம். இன்று சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பாத்ரூம் போகணும்மா" என்றார்.

பொத்தானை அழுத்தாமல் எழுந்தேன். போய் அப்பாவைத் தூக்கினேன்.

உன் தங்கை